தீவுக்கும் எலும்பு உண்டு

1/ செம்பரம்பாக்கம் சுத்துவட்டாரத்துல இருக்கீங்களா? அப்ப சிக்கராயபுரம் கல்குவாரி தெரிஞ்சிருக்கும். பாறையை வெட்டி முடிச்சு விட்டுப்போன பள்ளங்கள். 2017 வறட்சியில அங்க தேங்கின தண்ணியை செம்பரம்பாக்கத்துல சுத்திகரிச்சு சென்னைக்குக் கொடுத்தாங்க. ஊருக்குள்ள தோண்டினா குட்டையாவது மிஞ்சும். கடல் நடுவுல ஒரு குட்டித் தீவோரம் தோண்டினா? அது நம்ம தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு.

2/ தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல, மன்னார் வளைகுடாவுல 21 சின்னத் தீவுகள். சுத்தி பவளப்பாறை, கடற்புல். கடல்பசு மேயற இடம். நூத்துக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கு.

3/ பவளத்தைப் பார்த்தா கல் மாதிரி இருக்கும். ஆனா அது நுண்ணிய உயிர்கள் கட்டின கூடு. நம்ம எலும்பு கால்சியம் பாஸ்பேட், பவளக்கூடு கால்சியம் கார்பனேட். அமைப்புல ரெண்டும் எவ்வளவு நெருக்கம்னா, எலும்பு இழந்த இடத்துல பதப்படுத்தின பவளத்தை வெச்சு அறுவை சிகிச்சையே பண்ணியிருக்காங்க.

4/ அந்த எலும்பைத்தான் பல பத்தாண்டுகளா உடைச்சு எடுத்தாங்க. சுண்ணாம்புக் காளவாய்க்கு, வீடு கட்ட, அப்புறம் கால்சியம் கார்பைடு தொழிலுக்கு. உடைச்சவங்களை மட்டும் திட்டாதீங்க. அவங்க அன்னன்னைக்குப் பிழைப்புக்குக் கடல்ல இறங்கினவங்க. வாங்க ஆள் இருந்தது, அதனால வித்தாங்க.

5/ எலும்புத் தேய்மானம் எப்படி வருதுன்னு தெரியுமா? நம்ம உடம்புல எலும்பு தினமும் கரையும், தினமும் புதுசா கட்டப்படும். கரையறது மிஞ்சிட்டா, வெளிய ஒண்ணுமே தெரியாது. ஒருநாள் லேசா தடுக்கி விழுந்தாலே முறியும்.

6/ தீவுக்கும் அதே கதிதான். கட்டிப் பவளம் வருஷத்துக்கு 1 செ.மீ. அளவுதான் வளரும். அதை உடைக்க ஒரு காலைப்பொழுது போதும். அலையைத் தடுத்த பாறை போனதும் அலை நேரா மணல்ல அடிச்சது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ரெண்டு தீவும் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

7/ 1986-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. உடைக்கிறது நிக்கல. 2001-ல பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குள்ள வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாறை இருந்தாதான் கரைக்குப் பாதுகாப்புங்கிறது கடலோர ஊர்களுக்கும் உறைச்சது. 2005 வாக்கில்தான் வெட்டறது ஓய்ஞ்சது.

8/ அடுத்து மூழ்க இருந்தது தூத்துக்குடி பக்கத்து வான் தீவு. 2015-ல தொடங்கி தமிழக அரசு, சென்னை ஐஐடி, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மூணும் சேர்ந்து சிகிச்சை கொடுத்தாங்க. தீவுக்கு முன்னால கடலுக்கடியில 10,000-க்கும் மேல கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினாங்க. அலையோட வேகம் குறைஞ்சது, அரிப்பு மட்டுப்பட்டு மணல் சேர ஆரம்பிச்சது. அந்தக் கான்கிரீட் மேலயே மீனும் பவளமும் குடியேறுது.

9/ சந்தோஷமான செய்திதான். ஆனா டாக்டரா ஒண்ணு சொல்லணும்: இது மாவுக்கட்டு மாதிரி. முறிஞ்சதை அசையாம பிடிச்சு வெக்கும், அவ்வளவுதான். எலும்பு தானா வளரணும். அதுக்குள்ள கடல் சூடானா பவளம் வெளுத்துப்போகும். 2010லயும் 2016லயும் அங்க அதுதான் நடந்தது.

10/ சரிசெய்ய முடியுங்கிறதுக்கு வான் தீவு சாட்சி. எப்பவும் முடியாதுங்கிறதுக்கு அந்த ரெண்டு தீவுகள் சாட்சி. ரெண்டுக்கும் வித்தியாசம், நாம எப்ப நிறுத்தறோம் என்பதுதான். அடுத்த தடவை குவாரிப் பக்கம் போனா, பள்ளத்தோட ஆழத்தை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அங்க இருந்த பாறை இனி வளராது.