மார்சேய்ப் பாட்டும் தமிழ்ச் செவியும்

சென்ற பாரதி விழாவிற்கென வீட்டில் பாட்டுப் பயின்றபோது, புனேயிலேயே பிறந்து மராத்தியில் கல்வி பயிலும் என் மகள், “இதில் ஓசை எங்கே ஒத்து வருகிறது, அப்பா?” என்று வினவினாள். அவள் தேடியது அடியின் இறுதியில். நம் எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்பது. விடை கூறப் புகுந்த எனக்கு, பாரதியார் தமிழாக்கிய பிரெஞ்சுப் பாடல் ஒன்று துணை நின்றது.

1792 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ரூழே தெ லீல் என்னும் படையதிகாரி இயற்றிய போர்ப்பாட்டு அது. மார்சேய்த் தொண்டர் படையினர் அதனைப் பாடிக்கொண்டே பாரிஸ் புகுந்தமையால் ‘மார்சேயேஸ்’ எனப் பெயர் பெற்றது. 1908இல் புதுவை சேர்ந்து பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் வாழ்ந்த பாரதியாரை அப்பாட்டு ஈர்த்ததில் வியப்பில்லை. புரட்சியின் முழக்கமான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றை ‘இந்தியா’ இதழின் குறிக்கோளாகக் கொண்டவரன்றோ அவர்!

சீரும் தளையும் பிரெஞ்சு யாப்பில் இல்லை. உயிரொலிகளின் எண்ணிக்கையே அளவு. இப்பாட்டின் கண்ணிக்கு 8 அடிகள், அடிக்கு 8 ஒலிகள். முதலடி இறுதி மூன்றாமடியோடும், இரண்டாமடி நான்காமடியோடும் இயையும். பின்னர் ஐந்தாமடி எட்டாமடியோடு இயைய, இடையிரண்டும் தம்முள் இயையும். சில அடிகளின் ஈற்றில் மெலிந்தொலிக்கும் உயிர் ஒன்று வரும். அது கணக்கில் சேராது. எனினும், பாடுங்கால் அதற்கும் ஒரு சுரம் உண்டு.

இதனை அயல்வழக்கென ஒதுக்க வேண்டா. அபிராமி அந்தாதி அமைந்த கட்டளைக் கலித்துறையிலும் ஒற்று நீக்கி எழுத்தெண்ணுகிறோம்: நேரசையில் தொடங்கின் 16, நிரையசையில் தொடங்கின் 17. நம் அண்டையிலுள்ள தேஹுவில் வாழ்ந்த துக்காராமின் அபங்கத்தைப் பாருங்கள். பெரிய அபங்கத்திற்கு 6, 6, 6, 4 என எழுத்தளவு. இரண்டாம் மூன்றாம் பகுதிகள் ஈற்றில் இயையும். என் மகளின் செவி பழகியது அவ்வோசைக்கே, குறை அவளுடையதன்று.

ஈற்றியைபு மொழிபெயர்ப்பில் நிற்பதரிது. தமிழில் வினைமுற்றுகள் ஈற்றில் குவிந்து, எளிதில் சலிப்பூட்டும். ஆனால் மீள்வருகை கடல் கடக்கும். முதற் கண்ணியின் நான்காமடி இருமுறை பாடப்படும். கண்ணிதோறும் பல்லவி மீளும். அப்பல்லவியில் நடையைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்று அடுக்குத்தொடராக வரும். படையின் காலடியோசை அங்கேதான் கேட்கிறது. பல்லவியோடு வளர்ந்த நமக்கு அதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் மகளிடம் பாரதி பாட்டை அடியடியாக எழுதச் செய்து, இடது ஓரத்தை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். மூன்றாமடியில் விரலை நிறுத்திச் சிரித்தாள்.