பீரோவில் தூங்கும் தாத்தா ரிவால்வர்

தேர்தல் வந்தா போடிநாயக்கனூர் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவங்க அதை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்குவாங்க. பெரும்பாலும் தோட்டத்துக் காவலுக்கான நீளத் துப்பாக்கி. நடுவுல ஒண்ணு ரெண்டு ரிவால்வரும் தலைகாட்டும். யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் அது உதவாது. ஏலக்காய்ப் பணமும் வாரக்கூலியும் கொண்டு போகும்போது துணைக்கு என்று தாத்தா காலத்தில் வாங்கியது.

ஏன் எல்லாமே கிழடு?

1980களின் நடுவில் துப்பாக்கி இறக்குமதியை இந்தியா நிறுத்தியது. அதற்கு முன்னால் வந்த வெப்ளி, கோல்ட் எல்லாம் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுது, யானை விலையில்! கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வரும் வெப்ளியின் பழைய வடிவத்தைத் தழுவியதுதான்.

இங்கே கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு தோட்டா போடலாம். ஆனா விவரம் தெரிஞ்சவன் ஐந்துதான் போடுவான். ஹேமரின் ஊசி நேராகத் தோட்டாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் ஹேமருக்கு நேரே உள்ள அறை காலி.

இதற்குத் தீர்வாக, ட்ரிகரை இழுத்தால் மட்டும் விலகும் ஒரு தடுப்புத் துண்டை ஹேமருக்கு முன்னால் வைத்தார்கள். பிரச்சினை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1944. இரண்டாம் உலகப்போர். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் தளத்தில் ஸ்மித் & வெஸ்ஸன் 'விக்டரி' ரிவால்வர் ஒன்று கீழே விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். திறந்து பார்த்தால் தடுப்புத் துண்டு உள்ளேதான் இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் இறுகி, அதை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தது! அவசர அவசரமாகத் தடுப்பை மாற்றி வடிவமைத்தார்கள். மாற்றியதற்கு அடையாளமாக வரிசை எண்ணில் 'எஸ்' எழுத்தைச் சேர்த்தார்கள்.

அந்தத் துப்பாக்கி தேய்ந்து போனதில்லை என்பதைக் கவனிக்கணும். "சுடவே இல்லை சார், புதுசு மாதிரி" என்கிற பேச்சு எனக்குப் பயம் தருவது இதனால்தான். மலையின் பனிமூட்டத்திலும் சாரலிலும் முப்பது வருஷம் பீரோவில் கிடந்த எண்ணெய் என்ன ஆகியிருக்கும்?

பழைய ரிவால்வரைச் சோதிப்பவர் முதலில் எல்லா அறையும் காலியா என்று இரண்டு தடவை பார்ப்பார். பிறகு ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார். அது கடைசி நிலைக்குப் போவதற்குள் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளணும். ஆறு அறைக்கும் இதே சோதனை. பூட்டாவிட்டால் தோட்டா குழலுக்கு நேரே நிற்காது. சுடும்போது ஈயத்தைச் சீவிக்கொண்டு பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் கண்ணில் கூட. அடுத்து, இழுத்து நிறுத்திய ஹேமரை, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளுவார். வழுக்கி விழுந்தால் உள்ளே கொக்கி தேய்ந்திருக்கிறது. சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுதா, குழலுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டரைத் தாண்டுதா என்பதும் உண்டு. வெப்ளி மாதிரி நடுவில் மடியும் வகை என்றால் கீலும் மேல் கொக்கியும் தளர்ந்திருக்கக் கூடாது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களே கழற்றாதீங்க. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் வேலை அது.

டாக்டருக்கு இதில் என்ன என்று கேட்பீங்க. கீழே விழுந்து வெடிக்கும் குண்டு பெரும்பாலும் மேல்நோக்கி வரும். தொடை, இடுப்பு, வயிறு. தொடைத் தமனி அறுந்தால் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி, போடி தாண்டி, தேனி தாண்டி, க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு வரணும். சுத்தமான துணியைக் காயத்தில் திணித்து, வண்டி வந்து சேரும்வரை கை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பதுதான் அங்கே வைத்தியம்.

இன்னொண்ணு. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அந்த ரிவால்வர் தானாக வாரிசுக்கு வந்துவிடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயரில் லைசென்ஸ் கேட்கணும். கடையில் ஒப்படைக்கிற அன்றைக்கே "உள்ளே கிரீஸ் எப்படி இருக்கு பாருங்க"ன்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.