நாலாவது புகைபோக்கி

எங்க ஆயா யாரையாவது "அவன் பெரிய எம்டன்டா" என்று சொன்னால், அதில் பாதி திட்டு, பாதி பாராட்டு. தெருவில் கைலி யாவாரம் செய்த ஒருத்தர், எதிர்வீட்டு வாத்தியார், ஒரு தடவை நான் கூட அந்தப் பட்டத்தை வாங்கியிருக்கிறேன். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர் என்று காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கடலே இல்லாத குடியாத்தத்துக்கு ஒரு போர்க்கப்பல் வசவுச் சொல்லாக வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அன்றைக்கு மெட்ராஸிலிருந்து மேற்கே கிளம்பிய ரயில்களில் எவ்வளவு கூட்டம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குண்டு விழுந்த அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கான பேர் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் எல்லாம் அந்தத் தண்டவாளத்தில்தான் இருக்கின்றன.

கதை பலருக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எஸ்.எம்.எஸ். எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம் கூட ஆகவில்லை. கரையில் விளக்குகள் எல்லாம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்தில் 125 குண்டுகளுக்கு மேல் சுட்டுவிட்டு, விளக்கை அணைத்து இருட்டில் மறைந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்க மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. நடைபாதையில் போகிற யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

ஒரு சின்ன விலகல். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று வாட்ஸப்பில் வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றும். மனுஷன் பெரிய ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை அமைத்துக்கொண்டிருந்தார், அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். ஒரே மாதத்தில் சூரிக்கிலும் வங்காள விரிகுடாவிலும் இருக்க முடியாது. அவருடைய பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

என்னை இழுத்தது குண்டு அல்ல, புகைபோக்கி. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அந்தக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குரூசர்களில் பலவற்றுக்கு நான்கு. அன்றைக்கு ஒரு கப்பலை அடையாளம் காண்பது கண்ணால்தான்: அடிவானத்தில் தெரியும் நிழலில் எத்தனை புகைபோக்கி, எத்தனை பாய்மரக்கம்பம், எவ்வளவு இடைவெளி. எம்டனின் துணைத் தளபதி ஹெல்முத் ஃபான் மூக்கே மரச்சட்டமும் கித்தான் துணியும் வைத்து நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியைத் தயார் பண்ணினார். முதலில் கட்டியது தட்டையான ஒன்று. பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாக இருந்தது, முன்பக்கமிருந்து பார்த்தால் குச்சி மாதிரி மெலிந்து காட்டிக்கொடுத்தது. அப்புறம்தான் உருண்டையாகச் செய்தார்கள்.

நெசவுக்காரர் வீட்டுப் பையனாக இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சில கஜம் துணியில் ஒரு நாட்டின் கப்பல் இன்னொரு நாட்டின் கப்பலாகிவிட்டது. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் அந்த நாலாவது புகைபோக்கியோடு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் ஜெம்சுக் குரூசரை மூழ்கடித்துவிட்டு, வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சு டெஸ்ட்ராயரையும் முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

இன்றைக்கு 'ஸ்டெல்த் கப்பல்' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதன் அடிப்படை முழுவதும் இந்தத் துணிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஸ்டெல்த் என்றால் கண்ணுக்கே தெரியாமல் மாயமாவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எதிரியின் கருவி எதை வைத்து உன்னை அடையாளம் காண்கிறதோ, அந்த ஒரு விஷயத்தைக் கெடுத்துவிடுவது. கருவி கண்ணாக இருந்தபோது புகைபோக்கியின் எண்ணிக்கை. கருவி ரேடாராக மாறியபோது கப்பலின் வடிவம்.

ரேடாரின் பூர்வகதை இதைவிட விசித்திரம். எம்டன் மெட்ராஸுக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1904-ல், அதே ஜெர்மனியில் கிறிஸ்டியான் ஹூல்ஸ்மேயர் என்ற இளைஞர் ரேடியோ அலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பிடித்து கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கொலோன் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தில் வைத்து, வருகிற படகுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார். போருக்காக அல்ல. மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி ஆட்கள் சாகக்கூடாது என்பதற்காக. ஜெர்மன் கடற்படை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மோதலைத் தடுக்கப் பிறந்த கருவி என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், கேரம் போர்டு ஆடியிருந்தால் போதும்.

போர்டின் மூலைக்கு அருகே ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக அடியுங்கள். ஒரு பக்கச் சட்டத்தில் பட்டு, அடுத்த சட்டத்திலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் அப்படித்தான். இரண்டு சட்டமும் செங்கோணத்தில் இருப்பதுதான் காரணம். ரேடார் அலையும் ஸ்ட்ரைக்கர்தான். பழைய கப்பல் முழுக்க இப்படிப்பட்ட மூலைகள்: தளமும் சுவரும் சேரும் இடம், ஏணி, படகு தொங்கும் இடம், கைப்பிடிக் கம்பிகள். எல்லாவற்றையும் விடப் பெரிய மூலை எது தெரியுமா? செங்குத்தாக நிற்கும் கப்பலின் பக்கச் சுவரும், கீழே கிடக்கும் கடலும். கடல் மட்டமே ஒரு சட்டம்.

அதனால்தான் புதிய போர்க்கப்பல்களின் பக்கங்கள் சாய்வாக இருக்கின்றன. 1990-களில் வந்த பிரான்சின் லா ஃபயத் வகைக் கப்பல்கள் இதை உலகத்துக்குப் பிரபலமாக்கின. நம்மூரில் 2010 ஏப்ரலில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சிவாலிக்தான் இங்கேயே கட்டிய முதல் ஸ்டெல்த் ஃபிரிகேட். படகுகளையும் நங்கூரச் சாமான்களையும் சுவருக்கு உள்ளே தள்ளி மூடிவிடுகிறார்கள். 2017-ல் வந்த ஐ.என்.எஸ். கில்டானில் மேல்கட்டுமானத்தையே கார்பன் ஃபைபர் கலவையில் செய்தார்கள்.

இவ்வளவும் செய்து என்ன லாபம்? இங்கேதான் ஒரு இஞ்சினியராக எனக்கு முதல் ஏமாற்றம் வந்தது. ரேடார் சமன்பாட்டில் கண்டுபிடிக்கும் தூரம், திரும்பி வரும் எதிரொலியின் அளவுக்கு நான்காம் வர்க்கமூலமாகத்தான் மாறும். அலை போகும்போதும் பரவுகிறது, திரும்பும்போதும் பரவுகிறது, அதனால் இந்த நான்கு. எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் கண்டுபிடிக்கும் தூரம் பாதிதான் குறையும். பத்தில் ஒரு பங்கு தூரமாக்க வேண்டுமானால் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். 163 மீட்டர் நீளம், 7,500 டன் எடை கொண்ட ஒரு இரும்பு மலையில்!

அதோடு பூமி உருண்டை வேறு. கடல் மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் ரேடார், எதிர்க்கப்பலின் உயரமும் 20 மீட்டர் என்றால், 37 கிலோமீட்டருக்கு அப்பால் அடிவானமே மறைத்துவிடும். அந்தத் தூரத்துக்குள் வந்துவிட்டால் எவ்வளவு சாய்வாகக் கட்டினாலும் ஓரளவு தெரியத்தான் செய்யும். 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு விமானம் வந்தாலோ 240 கிலோமீட்டர் வரை கடல் திறந்து கிடக்கிறது.

அப்படியானால் இந்தச் சாய்வுச் சுவரெல்லாம் வீணா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்குக் கிடைத்தது ஐ.என்.எஸ். சென்னை பற்றிப் படிக்கும்போது. மேலே சொன்ன 163 மீட்டர் அதன் நீளம்தான். 2016 நவம்பர் 21-ல் கடற்படையில் சேர்ந்தது, மும்பை மசகான் தளத்தில் கட்டியது. அதில் 'கவச்' என்று ஒரு அமைப்பு. ராக்கெட்டில் மெல்லிய உலோகம் பூசிய இழைகளை வானத்தில் தூவும். ஏவுகணையின் ரேடாருக்கு அந்த இழை மேகமும் ஒரு கப்பல் மாதிரித் தெரியும். இப்போது ஏவுகணை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிஜக் கப்பல் பெரிய புள்ளியாகத் தெரிந்தால் பொய் மேகம் எடுபடாது. நிஜம் சின்னதாகத் தெரிந்தால் பொய் ஜெயிக்கும். சாய்வுச் சுவர் கப்பலை மறைப்பதற்கு மட்டும் அல்ல, பொய்யை நம்ப வைப்பதற்கும்தான்.

தண்ணீருக்கு அடியில் டார்பிடோவை ஏமாற்ற இன்னொரு அமைப்பு. அதன் பெயர் 'மாரீச்'. பொன்மானாக வந்து ராமனைத் தூர இழுத்துக்கொண்டு போனானே, அதே மாரீசன். கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கருவி கப்பலைப் போலச் சத்தம் போடும், டார்பிடோ அதன் பின்னால் போய்விடும். விசாகப்பட்டினம், கொச்சி ஆய்வகங்கள் உருவாக்கியது, 2020 ஜூனில் கடற்படை சேர்த்துக்கொண்டது. பெயர் வைத்தவருக்கு ஒரு சல்யூட். மூக்கேயின் கித்தான் துணிக்கும் இதற்கும் நூறு வருஷ இடைவெளி, வித்தை அதே வித்தை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஐ.என்.எஸ். சென்னை வகைக் கப்பல்களின் படத்தைப் பாருங்கள். உடம்பெல்லாம் வழவழவென்று சாய்த்துக் கட்டிவிட்டு, மேலே நீளமான பழைய பாணி ஆன்டெனா ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். பட்டு வேட்டி கட்டி ஹெல்மெட் போட்ட மாதிரி. தூரத்து விமானத்தைப் பார்க்க அது வேண்டும், புரிகிறது. கண்ணுக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

எப்படிக் கட்டினாலும் ஒரு விஷயத்திலிருந்து தப்ப முடியாது. இருட்டில் டார்ச் அடிப்பவனை, அவன் எதையும் பார்ப்பதற்கு முன்பே மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். ரேடாரைப் போட்டாலும், வயர்லெஸ்ஸில் பேசினாலும் அதே கதி. எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு இது நன்றாகத் தெரியும். பிரிட்டிஷ் கப்பல்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு, சத்தம் பலமாகிறதா குறைகிறதா என்று வைத்தே தூரத்தை ஊகித்தார். தான் வாயைத் திறக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தும் அவர் சிக்காமல் இருந்ததற்கு, புகைபோக்கியைவிட அந்த மௌனம் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

மௌனம் கலைந்த இடத்தில்தான் மாட்டினார். 1914 நவம்பரில் கோக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனபோது, தன்னுடைய நிலக்கரிக் கப்பலை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் நிலையத்தில் கேட்டுவிட்டது. 9-ஆம் தேதி காலையில் கப்பல் அருகே வந்ததும், நாலாவது புகைபோக்கி துணி என்பதையும் நிலையத்துக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அறிமுகமில்லாத கப்பல் வந்திருக்கிறது என்று உடனே செய்தி அனுப்பினார்கள். எம்டன் இரைச்சல் எழுப்பிக் கெடுக்கப் பார்த்தும் முடியவில்லை. சுமார் 50 கடல் மைல் தொலைவில் ஆஸ்திரேலியத் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஹெச்.எம்.ஏ.எஸ். சிட்னி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எம்டனின் மாலுமிகள் 130-க்கும் மேற்பட்டோர் அன்றைக்குச் செத்தார்கள்.

சரி, ஹூல்ஸ்மேயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன்.

2018 நவம்பரில் நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற போர்க்கப்பல், தன் இருப்பிடத்தைச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவியிலிருந்து எதையும் அனுப்பாமல், விடியற்காலை நாலு மணிக்குக் கரையோரமாகப் போய் ஒரு எண்ணெய்க் கப்பலில் மோதி மூழ்கியது. எண்ணெய்க் கப்பலின் விளக்கைக் கரை விளக்கு என்று நினைத்துவிட்டார்கள். தன்னை மறைத்துக்கொண்டவன் எதிரே இருந்ததையும் பார்க்கவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன ஒரு மீன்பிடிப் படகைக் கப்பல் ஒன்று நள்ளிரவுக்குப் பின் இடித்துவிட்டுப் போய்விட்டது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்து ஆட்கள். செத்தவர்களும் காணாமல் போனவர்களும் அவர்களில்தான் அதிகம்.

கோடிக்கணக்கில் செலவழித்து போர்க்கப்பல்கள் வாங்கும் குணம், மரப்படகுக்கும் ஃபைபர் போட்டுக்கும் இலவசமாக, வேண்டாமலே கிடைத்திருக்கிறது. தண்ணீரோடு ஒட்டிய உயரம், அலையை அவ்வளவாகத் திருப்பாத உடம்பு, சுற்றிலும் அலைகளின் எதிரொலி. பெரிய சரக்குக் கப்பலின் ரேடார் திரையில் அது இல்லவே இல்லாத மாதிரி. இதற்கு மருந்தும் அதே கேரம் போர்டு மூலைதான். மூன்று உலோகத் தகடுகளைச் செங்கோணத்தில் கோர்த்தால் முழம் அகலம் கூட இல்லாத ஒரு பொருள், பெரிய படகு மாதிரி எதிரொலி தரும். ரேடார் ரிஃப்ளெக்டர் என்பார்கள். போர்க்கப்பலில் எதைத் தேடித் தேடி ஒழிக்கிறார்களோ, அதைப் படகில் கம்பத்தின் உச்சியில் கட்டவேண்டும்.

போன வருஷம் காசிமேட்டில் ஒரு ஃபைபர் போட்டுக்காரரிடம் இதைப் பற்றிப் பேசினேன். ஸ்டெல்த் கப்பல் பற்றி நான் உற்சாகமாக விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். அவர் போட்டில் ஒரு மூங்கில் கம்பம், அதில் கறுப்புக்கொடி, பேட்டரியில் மினுக்கும் ஒரு பிளாஸ்டிக் லைட். ரிஃப்ளெக்டர் பற்றிக் கேட்டதற்கு, "பெரிய போட்டுங்கள்ல வெச்சிருப்பாங்க சார், நமக்கு லைட்டுதான்" என்றார். லைட்டைக் கையில் எடுத்து இரண்டு தட்டு தட்டினார். மினுக்கியது. "ராத்திரில கப்பக்காரன் இத பாத்துட்டா போதும். பாக்கலன்னா நாமதான் பாத்து ஒதுங்கணும். தூங்காம ஒருத்தன் உக்காந்துனே இருப்பான்" என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்க ஆரம்பித்தார்.