தொட்டு நோய் தீர்த்தோர்: மதுரை வட்டாரத்தில் உடல்நீவும் தொழிலும் அதன் கல்வியும்

மதுரை நகரிலும் வைகை பாயும் அதன் சுற்றுப்புறச் சமவெளியிலும் உடலைத் தொட்டு, நீவி, உருவி, கட்டி நோய் தீர்க்கும் பணி எக்காலத்திலும் ஒரே தொழிலாக இருந்ததில்லை. சுளுக்கு வழிப்பவர் ஒருவர், முறிந்த எலும்புக்குத் தப்பை வைத்துக் கட்டுப்போடுபவர் வேறொருவர், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வேது கொடுத்து வெந்நீர் ஊற்றுபவர் மற்றொருவர், அடிபட்டு மூர்ச்சையானவரை வர்மம் இளக்கி எழுப்பும் ஆசான் இன்னொருவர் என்று அது பல சமூகத்தார், பல குடும்பத்தார் கைகளில் பிரிந்து கிடந்தது. இன்று இதே பணியை மாணவர்கள் கல்லூரியில் பயின்று, பட்டமோ பட்டயமோ பெற்று, மருத்துவமனையிலும் விளையாட்டுக் களத்திலும் விடுதிகளிலும் வேலைக்குச் செல்கின்றனர். கைப்பழக்கம் கல்வியாக மாறிய இந்த மாற்றம் ஏறத்தாழ நூறாண்டுக்குள் நடந்தது. அதில் உள்ளே வந்தவர்களைப் போலவே வெளியே நின்றுவிட்டவர்களும் உண்டு.

எண்ணெயும் நறுமணப் பொருளும் கொண்டு உடலைப் பேணும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி கூந்தலாடிய நீரில் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிக் கிடந்ததைக் கூறுகிறது. ஆயினும் இலக்கியச் சான்றைக் காட்டிலும் இத்தொழிலின் வரலாற்றுக்கு உறுதியாக உதவுவது காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டாகும். பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது நோயாளர் தங்கி மருத்துவம் பெறும் விடுதி, ஒன்றைப் பற்றிப் பேசும் அக்கல்வெட்டு, மருந்து கொடுக்கும் வைத்தியரையும், சல்லியக் கிரியை எனப்பட்ட அறுவைப் பணி செய்பவரையும், மூலிகை கொண்டுவருவோரையும், பணிப்பெண்களையும், நாவிதரையும் தனித்தனியே குறிப்பிட்டு, அங்கே இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளோடு தைலங்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. நாவிதர் அங்கே மருத்துவமனையின் ஊழியர் என்பது கவனத்துக்குரியது.

பாண்டிய நாட்டுச் சிற்றூர்களில் அந்த இடம் பிற்காலத்திலும் நாவிதர் சமூகத்துக்கே உரியதாக இருந்தது. அச்சமூகத்து ஆடவர் முடி மழிப்பதோடு கட்டி கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல், சுளுக்கு நீவுதல் ஆகியவற்றையும் செய்தனர். பெண்டிர் மருத்துவச்சிகளாகப் பேறுகாலம் பார்த்தனர். எட்கர் தர்ஸ்டன் தம் உதவியாளர் கா. ரங்காசாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் குறித்த நூல் இவ்விரு பணிகளையும் பதிவு செய்திருக்கிறது. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்க்குப் பிரித்துக் கொடுக்கும் உரிமைப் பங்கே, சுதந்திரம் என்று வழங்கப்பட்ட அந்தத் தானியமே, அவர்களின் கூலி. தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இச்சமூகம் இன்றும் மருத்துவர் என்ற பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது உள்ளே அழைக்கப்பட்ட அதே பெண், சடங்கு முடிந்து வீடு துப்புரவானபின் திண்ணைக்கு அப்பால் நிறுத்தப்பட்டதும் அதே சமூக ஒழுங்கின் விளைவுதான்.

மதுரையில் இம்முரண் சற்றுக் கூடுதலாகவே கண்ணில் படும். ஐப்பசியில் அழகர்கோயில் கள்ளழகர் மலைமேல் நூபுர கங்கைக்கு எழுந்தருளித் தைலக்காப்புக் காண்கிறார். மார்கழியில் மீனாட்சியம்மனுக்கு எண்ணெய்க் காப்பு விழா நடைபெறுகிறது. தெய்வத்துக்கு எண்ணெய் சாத்துவது பெரும்பேறாகக் கருதப்பட்ட ஊரில், மனிதருக்கு எண்ணெய் தேய்த்தவரின் தொழில் இழிதொழிலாகவே எண்ணப்பட்டது.

இத்தொழிலுக்கு இன்றியமையாத நல்லெண்ணெய்க்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. எள் விளையும் மானாவாரி நிலங்களும், செக்காட்டும் வாணியர் தெருக்களும், எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற விருதுநகர்ச் சந்தையும் அருகருகே அமைந்திருந்தன. ஆண்கள் சனி, புதன் ஆகிய நாள்களிலும் பெண்கள் வெள்ளி, செவ்வாய் ஆகிய நாள்களிலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இல்லங்களின் ஒழுங்கு. கைக்குழந்தையை நீட்டிய கால்களின்மேல் படுக்கவைத்து உருவிக் குளிப்பாட்டுவதும், குழந்தைக்கு உரம் விழுந்தால், அதாவது தசை பிடித்துக்கொண்டு அது ஓயாமல் அழுதால், கைராசிக்காரப் பாட்டி ஒருத்தியிடம் கொண்டுபோய் உரம் எடுப்பதும் அவற்றோடு சேர்ந்த வழக்கங்கள். கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விலகும் என்ற நம்பிக்கையில் மருத்துவ நுட்பம் ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் வலி கண்டவுடன் தொடுகையை நாடும் மனப்பாங்கு எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

வீட்டுப் பழக்கத்துக்கு அப்பால், முறையாகப் பயிலவேண்டிய கலையாகவும் இது இருந்தது. சித்த மருத்துவம் உள்மருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்திருக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம் முதலிய புறமருந்துகளின் வரிசையில் தொக்கணமும் ஒன்று. தொக்கணம் என்பது உடலைக் கையால் பிடித்து மருத்துவம் செய்யும் முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். எண்ணெயோடும் எண்ணெயின்றியும் செய்யப்படும் இம்முறை வாத நோய்களுக்குச் சிறப்பாகப் பரிந்துரைக்கப்பட்டது. இதனோடு நெருங்கிய உறவுடையது வர்மம். உடலில் உயிராற்றல் தங்குவதாகக் கருதப்படும் இடங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108ஆகக் கணக்கிட்டு, அங்கே அடிபட்டால் விளையும் கேட்டையும் அதை நீக்கும் இளக்குமுறையையும் வர்ம நூல்கள் விளக்குகின்றன. இக்கலையின் தாயகம் கன்னியாகுமரிப் பகுதியே. சிலம்பம் கற்பித்த ஆசான்கள் அடிக்கவும் அடிபட்டதைத் தீர்க்கவும் ஒருசேரக் கற்றிருந்தனர். பல ஆண்டுகள் உடனிருந்து பணி செய்த மாணாக்கருக்கே மறைப்பு நீக்கிச் சொல்லிக்கொடுத்தனர். தவறான கைக்குப் போனால் உயிர்க்கேடு விளையும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது நியாயமான அச்சமே. ஆயினும், ஆசானோடு அறிவும் அழிவதற்கு அதுவே வழியாகவும் அமைந்துவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சி இக்கலைகளைத் தடைசெய்யவில்லை. பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தியது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேனாட்டு மருத்துவம் பயின்றோரை மட்டுமே பதிவுபெற்ற மருத்துவராக ஏற்றுக்கொண்டது. மதுரையில் அமெரிக்க மிஷன் மருத்துவமனையும் பின்னர் எர்ஸ்கின் மருத்துவமனையும் மக்களின் நம்பிக்கையைப் பெற்றுவந்த காலம் அது. அறுவைக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவமனைக்குச் சென்ற அதே மக்கள், சுளுக்குக்கும் பிடிப்புக்கும் பழைய கையையே தேடினர். நாட்டு வைத்தியத்துக்கு ஆதரவான குரல்கள் வலுத்ததன் விளைவாக, முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923இல் தன் அறிக்கையை அளித்தது. அதையொட்டிச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றிற்று. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் வகுப்பறைப் பாடமாயின. குருவின் வீட்டுக்கு வெளியே, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் கல்வி இவ்வாறு தொடங்கியது. சித்த மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரி 1964இல் பாளையங்கோட்டையில் அமைந்தபோது தென்மாவட்ட மாணவர்க்கு வாய்ப்பு அருகில் வந்தது. பழனியில் தொடங்கப்பட்ட இரண்டாவது அரசுக் கல்லூரியோ விரைவிலேயே சென்னைக்கு இடம்பெயர்ந்தது. முருகன் மலையடிவாரமும் மூலிகைக் காடும் சூழ்ந்த ஊரை விட்டுத் தலைநகருக்கு அதைக் கொண்டுபோனது மதுரை வட்டாரத்துக்கு நேர்ந்த இழப்பு.

மற்றொரு வழி முற்றிலும் வேறிடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டில் மசாஜ் என்ற பெயரில் இயங்கிய விடுதிகள் குறித்துப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுப்பிய குற்றச்சாட்டுகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. தம் தொழிலின் நற்பெயரைக் காக்க, நான்கு செவிலியர் ஒன்றுகூடிப் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்க்கான சங்கத்தை அவ்வாண்டிலேயே நிறுவினர். தேர்வு, ஒழுக்க விதி, மருத்துவரின் பரிந்துரை ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கிய அச்சங்கமே வளர்ந்து இன்றைய பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம், என்ற துறையாயிற்று. உலகப் போர்களில் ஊனமுற்றோரும் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகளும் அத்துறையின் தேவையை வளர்த்தனர். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியிலிருந்தபடியே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966இல் உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் இவ்வகை மருத்துவத்துக்கு ஒரு முன்மாதிரி. 1980களின் இறுதியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தோன்றியபின் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு அதன் கீழ் மாநிலமெங்கும் பரவியது.

இலண்டனில் நிகழ்ந்தது மதுரையில் நிகழவில்லை. அங்கே தொழில் செய்தோரே சங்கம் அமைத்துத் தம் கல்வியைத் தாமே வகுத்தனர். இங்கே தொழில் செய்தோர் ஒருபுறம் இருக்க, அவர்களோடு தொடர்பற்ற பிறர் கல்வியை வகுத்தனர். 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நடுவண் குழுமச் சட்டம் பட்டத்தைப் பதிவுக்கு அடிப்படையாக்கியபின், பரம்பரை வைத்தியர் என்ற நிலை ஒரு தலைமுறையோடு தேயத் தொடங்கிற்று. இதற்கு நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. இறுக்கிப் போட்ட நாட்டுக் கட்டினால் குருதி ஓட்டம் தடைப்பட்டுக் கையோ காலோ அழுகிய நோயாளரை எலும்பு மருத்துவர்கள் கண்டுவந்திருக்கின்றனர். ஆனால் தவறைத் திருத்தும் பயிற்சி அளிப்பதற்கும் தொழிலையே வெளியேற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. தமிழகத்தில் நடந்தது பெரும்பாலும் பின்னதே.

இன்று இத்துறையில் நுழைய விரும்பும் மதுரை மாணவர் முன் பல வழிகள் உள்ளன. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்ட சித்த மருத்துவப் பட்டம் அரசு உதவிச் சித்த மருத்துவ அலுவலர் பணிக்கும் தனி மருத்துவத்துக்கும் வழிவிடுகிறது. 2005இல் தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில், வர்மமும் தொக்கணமும் உள்ளடங்கிய சிறப்பு மருத்துவத்தை மேற்படிப்பாகவும் பயிலலாம். இயன்முறை மருத்துவப் பட்டதாரிகளுக்கு மருத்துவமனை, விளையாட்டு அணி, முதியோர் இல்லம், அயல்நாடு எனக் களம் அகன்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அவர்களை நோயாளியின் வீட்டு வாசலுக்கே அனுப்பியது. அவ்வாண்டே நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் தொழில்கள் குறித்த ஆணையச் சட்டம் இத்துறைக்கு நாடளாவிய பதிவுமுறைக்கு வழிவகுத்தது. மூன்றாவது வழி அழகு நிலையங்களும் ஸ்பாக்களும் கற்றுத்தரும் குறுகிய காலப் பயிற்சி. வேலை விரைவில் கிடைக்கும். மதிப்பு கிடைப்பதுதான் அரிது.

அந்த மூன்றாம் வழியினர்மீது இலண்டனின் பழைய ஐயம் இங்கே இன்னும் படிந்திருக்கிறது. ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்தவேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட, அடுத்த மாதமே மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அத்தகைய இடத்தில் கேமரா வைப்பது ஒருவரது உடல்சார்ந்த அந்தரங்க உரிமையைப் பறிக்கும் என்று மாறுபட்டுத் தீர்ப்பளித்தார். வழக்கு வாடிக்கையாளரின் உரிமையை முன்னிறுத்தியது. பணியாளரின் பயிற்சியும் தகுதியும் பற்றிய கேள்வி அதற்கு வெளியே நின்றது. அக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு அரசுக்கும் சித்த மருத்துவக் கல்லூரிகளுக்கும் உரியது. எஞ்சியிருக்கும் ஆசான்களையும் மருத்துவச்சிகளையும் சுளுக்கு வழிப்போரையும் ஊதியம் கொடுத்துச் செய்முறைப் பயிற்றுநர்களாக அமர்த்தி, அவர்களின் கைமுறைகளைச் சோதித்துப் பதிவு செய்யவேண்டும். முதுமையடைந்துவரும் அத்தலைமுறை இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும்.