ஒரே ஏரிக்கரை, இரண்டு பள்ளிகள்

சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரியை ஒட்டி 1855-இல் ரயில் வந்தது. அதன் நிலையங்களைச் சுற்றி எவன்ஸ்டனும் வின்னெட்காவும் வளர்ந்தன. நகரத்தில் வேலை, ஏரிக்கரையில் வீடு என்று குடிவந்தவர்கள் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி கேட்டார்கள். எவன்ஸ்டன் டவுன்ஷிப் உயர்நிலைப் பள்ளி 1883-இல் பிறந்தது. நியூ ட்ரியர் பள்ளி 1901 பிப்ரவரி 4 அன்று வின்னெட்காவில் 76 மாணவர்கள், 7 ஆசிரியர்களுடன் தொடங்கியது. ஜெர்மனியின் ட்ரியர் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் டவுன்ஷிப் என்ற தங்கள் உள்ளாட்சிப் பகுதிக்கு வைத்த பெயரே பள்ளிக்கும் நிலைத்தது.

இரண்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டுமே கட்டணம் இல்லாத பொதுப் பள்ளிகள். இரண்டையும் பெருமளவு தாங்குவது அந்தந்தப் பகுதியின் சொத்து வரி. ஆகவே, பள்ளியின் எல்லைக்கோடு எங்கே போகிறது, அதற்குள் யார் வீடு வாங்க முடிகிறது என்பதுதான் இவற்றின் கதையில் முக்கியம்.

கட்டட வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவன்ஸ்டன் பள்ளி 1924-இல் டாட்ஜ் அவென்யூவில் பெரிய வளாகத்துக்கு மாறி, அங்கேயே ஒரே கூரைக்கடியில் விரிந்தது. போருக்குப் பின் பிள்ளைகள் பெருகியபோது, நியூ ட்ரியர் 1965-இல் அருகிலுள்ள நார்த்ஃபீல்டில் இரண்டாவது பள்ளியைத் திறந்தது. எண்ணிக்கை குறைந்ததும் 1985-இல் அதை மூடியது. 2001-இல் ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் அதே வளாகம் மீண்டும் திறந்தது. நியூ ட்ரியரில் எனக்கு மிகவும் பிடித்தது 1928 முதல் தொடரும் ஆலோசகர் முறை. தினமும் ஒரு சிறு குழுவாகப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியர் ஒருவரோடு உட்காருகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் இருக்கிறார். எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் இது.

ஆனால் அந்தக் குழுவில் உட்கார, எல்லைக்குள் வீடு வேண்டும். நார்த்ஃபீல்ட் பள்ளி திறந்த அதே 1965-இல், ஜூலை 25 அன்று, மார்ட்டின் லூதர் கிங் வின்னெட்காவின் ஊர்ப் புல்வெளியில் நின்று பேசினார். கறுப்பின மக்களுக்கு இந்த ஊர்களில் வீடு விற்க மறுப்பதை எதிர்த்த இயக்கம் அழைத்த கூட்டம் அது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 செப்டம்பர் 2 அன்று, ஜேம்ஸ் மீக்ஸ் என்ற மாநில செனட்டர், பள்ளி நிதியில் இருந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகாகோ மாணவர்களைப் பேருந்துகளில் நார்த்ஃபீல்டுக்கே அழைத்து வந்தார். அன்று சிகாகோ பள்ளிகள் திறக்கும் முதல் நாள். இடம் கிடைக்காது என்று தெரிந்தும் அந்தப் பிள்ளைகள் சேர்க்கைப் படிவம் நிரப்பினார்கள். அப்போது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு நியூ ட்ரியர் சுமார் 17,000 டாலர் செலவிட்டது. சிகாகோவில் அது 10,000 டாலரைச் சற்றே தாண்டியது. சொத்து வரியை நம்பிய இந்த ஏற்பாடு அரசியல் சாசனத்துக்கு முரணானதல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இலேயே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஏழைப் பகுதிகளுக்கு முன்னுரிமை தரும் நிதிச் சட்டம் இந்த ஊர்கள் இருக்கும் இல்லினாய் மாநிலத்துக்கு 2017-இல்தான் வந்தது.

எவன்ஸ்டனும் குற்றமற்ற ஊர் அல்ல. வீட்டு வசதியில் கறுப்பின மக்களுக்கு இழைத்த அநீதிக்கு இழப்பீடு வழங்க 2021-இல் அந்த நகரமே முடிவெடுத்தது. ஆனால் ஊர் முழுவதற்கும் பொது உயர்நிலைப் பள்ளி ஒன்றே. எந்தத் தெருப் பிள்ளையானாலும் அதே வாசல்தான். உள்ளே போனபின் வேறு கோடு இருந்தது: நன்றாகப் படிப்பவர்களுக்கென்று பிரித்த மேல்தர வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகள், மற்ற வகுப்புகளில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள். 2010 டிசம்பரில் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு மொழி, வரலாற்றுப் பாடங்களில் தனியாக இருந்த அந்த மேல்தர வகுப்பை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கத் தீர்மானித்தது. தரம் குறையும் என்று பெற்றோர் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத் தக்க சவால் வேண்டும்தான். ஆனாலும் பதினான்கு வயதில் பிரித்துவிட்ட பிள்ளைகளைப் பிறகு எந்த வகுப்பில் சேர்ப்பது?

நியூ ட்ரியரின் வசதியும் ஒழுங்கும் பெரியவை. இருந்தும், தன் கூரைக்கடியில் இருந்த பிளவைத் தானே எடுத்துப் பேசி, வாக்களித்து மாற்றத் துணிந்த எவன்ஸ்டனைத்தான் நான் மேலாக வைப்பேன்.