முதல் தெரிவும் காலக்கணக்கும்

நம் காலனிப் பிள்ளைகள் மைதானத்தில் கட்சி பிரிக்கையில், தலைவர் இருவரும் மாறி மாறி ஆள் எடுப்பதை அன்பர்கள் அறிவீர்கள். முதலில் அழைக்கப்பட்டவன் மார்பு நிமிர்த்தி நிற்பான். எஞ்சி நிற்பவன் காலால் மண்ணைக் கிளறுவான். இவ்வழக்கத்தையே அமெரிக்கர் 1936-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கூடித் தம் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களுக்கு முதன்முறை நடைமுறைப்படுத்தினர். (அவர்தம் கால்பந்து கையில் ஏந்தி ஓடுவது, நம் கூப்பரேஜ் மைதானத்து ஆட்டம் அன்று.) முந்தைய ஆண்டு கடைநிலையில் நின்ற கழகத்திற்கே முதல் உரிமை. அங்ஙனம் முதன்முதல் தெரிவான ஜே பெர்வாங்கர் என்பார், ஊதியம் ஒத்துவராமையால் ஒரு நாளேனும் தொழில்முறை ஆட்டம் ஆடினாரில்லை! 2000-ஆம் ஆண்டிலோ, 198 பேரை எடுத்த பின்னரே அழைக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை வாகை சூடினார்.

நம் மும்பையிலும் 2014 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துக்கு இத்தகைய தெரிவு நடந்தது. ஆறு அணிகள் ஆளுக்குப் பதினால்வராக 84 பேரை எடுத்தன. ஆயினும், முதல் தெரிவின் தரத்தை எடைபோட 2008 மார்ச்சில் நிகழ்ந்த கிரிக்கெட் தெரிவே சிறந்த சான்று.

மூத்த வீரர்களுக்குப் பிப்ரவரியில் இந்நகரிலேயே ஏலம் நடந்தது. சென்னை அணி 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தது. கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்த எம் ரயில்வேக்காரர் அவர் என்பதைச் சொல்லாமல் செல்ல எனக்கு மனமில்லை. கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று திரும்பிய இளைஞருக்கோ ஏலம் இல்லை, முறைவைத்துத் தெரிவு. முதல் முறை பெற்ற டெல்லி அணி, அக்கோப்பையை வென்ற தலைவரும் தம் ஊர்ப் பிள்ளையுமான விராட் கோலியை விடுத்து, இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குச் சென்றார்.

இன்று இதைக் கேட்போர் நகைக்கின்றனர். நகைப்பது நேர்மையா? டெல்லியிடம் அன்று சேவாக், கம்பீர், டி வில்லியர்ஸ், தில்ஷான் ஆகிய மட்டையாளர் நிறைந்திருந்தனர். சங்வானோ அவ்வாண்டு ரஞ்சிக் கோப்பையை வென்ற டெல்லி அணியில் பந்து வீசியவர். இல்லாத பண்டத்தை வாங்குபவனே நல்ல குடித்தனக்காரன். முதலாண்டு முடிவில் டெல்லி அரையிறுதி கண்டது. பெங்களூர் எட்டில் ஏழாவது. கோலி 13 ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 165 மட்டுமே. அன்று பேரேட்டை மூடியிருந்தால் டெல்லியின் கணக்கில் பிழையே இராது. 2016-இல் அதே கோலி ஒரே பருவத்தில் 973 ஓட்டங்கள் குவித்தார். ஆனால் பெங்களூர் கோப்பையைத் தொட்டது 2025-இல்தான். பதினேழு ஆண்டு காத்திருக்கும் பொறுமை எந்தத் தெரிவாளருக்கு உண்டு?

எங்கள் கட்டடத்துச் சிறுவன் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு தேர்வுப் போட்டியில் கழிக்கப்பட்டான். அவன் தந்தைக்குக் கோலி கதையைச் சொல்லித் தேற்ற முயன்றேன். "சார், அவரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எடுக்கப்பட்டவர்தானே? என் பையனை எவரும் எடுக்கவேயில்லையே!" என்றார். விடை சொல்ல இயலாமல், தேநீர் வரவழைத்தேன்.