துண்டுச் சீட்டும் துரைமார் ஆங்கிலமும்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா முதலிய மலையகப் பகுதிகளில் வெள்ளைத் தோட்டத்துரைமார் பேசியும் எழுதியும் வந்த ஆங்கிலத்தில், இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர்களுக்கு எளிதில் விளங்காத சொற்கள் பல புழங்கின. அவற்றுள் முதன்மையானவை தமிழிலிருந்து சென்றவை.

'கூலி' என்னும் சொல்லுக்குக் குஜராத்தின் கோலி இனப் பெயரையும் மூலமாகக் காட்டுவோர் உண்டு எனினும், தமிழில் அது உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. ஆங்கிலத்திலோ அது உழைக்கும் மனிதனுக்கே பெயராகி, இழிசொல்லாகவும் மாறிற்று. தோட்டத்துரைமாருக்காக 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய தமிழ்க் கையேட்டின் தலைப்பே 'கூலி தமிழ்' என்பதாகும்.

'கங்காணி' என்பதன் வரலாறு இன்னும் நீண்டது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பைக் குறித்த 'கண்காணி' என்னும் சொல்லே, இலங்கையிலும் மலாயாவிலும் தென்னிந்தியத் தொழிலாளரைத் திரட்டி வந்து வேலை வாங்கியவரின் பெயராக ஆங்கில ஆவணங்களில் இடம்பெற்றது. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். பயணச் செலவுக்கும் பிற தேவைகளுக்கும் கொடுக்கப்பட்ட முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது.

இக்கடனிலிருந்தே 'துண்டு' என்னும் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சிறு சீட்டே துண்டு. அதைப் பெற்ற கங்காணி வேறொரு தோட்டத்தை நாடுவார், அத்தோட்டம் பழைய கடனைத் தீர்த்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும், தீர்த்த தொகை புதிய இடத்திலும் அவர்கள் கணக்கிலேயே நிற்கும். ஆள் பிடிக்கத் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டதால், கடன்தொகை கைமாறுந்தோறும் வளர்ந்தது. மனிதரைக் கடன்தொகையால் அளந்த இம்முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. அம்முறையைப் பற்றிய ஆங்கில எழுத்துகளிலும் துண்டு என்னும் தமிழ்ச் சொல்லே நின்றது.

எதிர்த்திசையிலும் சொற்கள் வந்தன: 'பரேட்' என்னும் படை அணிவகுப்புச் சொல், விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் 'பெரட்டுக்களம்' என்னும் பெயரைத் தந்தது, வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்பது 'லயம்' ஆயிற்று. தேயிலைத் தரத்தைக் குறிக்கும் 'பீக்கோ' மட்டும் இளந்தளிரின் வெண்ணிற மென்மயிரைச் சுட்டும் சீனச் சொல்லிலிருந்து வந்தது.

மடகும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் எழுதினார். அவ்வெழுத்துகளில் இச்சொற்கள் அவற்றைச் சுமந்தவர்களின் பக்கம் நின்று பேசின. மலையகச் சொற்களைத் தொகுக்க முன்வருவோர், கங்காணி என்பதற்கு மேற்பார்வையாளர், துண்டு என்பதற்குச் சீட்டு என்று பொருள் எழுதுவதோடு நின்றுவிடாமல், அவற்றின் பின்னிருந்த கடன்கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.